மலர்ச்சாலையும் குடும்பப் பெயரும்

விழா மலரிலே ஈமப் பணியைப்பற்றிப் பேசுதல் மங்கலமன்று என அன்பர் சிலர் கருதக்கூடும். ஆயினும், எவர் வீட்டிலும் ஒருநாள் நிகழ்ந்தே தீருவதொன்றைப்பற்றி, அது நிகழுமுன் அமைதியாகச் சிந்தித்தல் அறிவுடைமையாகுமேயன்றி அமங்கலமாகாது. ஆதலின், குடும்பத் தொழிலாக மலர்ச்சாலை நடத்துவோரைக் குறித்துச் சில கருத்துக்களை இங்கே வெளியிடுகின்றோம்.

முன்னாளில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே துக்கவீட்டின் கருமங்கள் யாவும் உறவினராலும் அயலவராலும் குடிமைத் தொழில் செய்தோராலும் நடத்தப்பெற்றன. பந்தரிடுவோர் ஒருபுறம், பாடை கட்டுவோர் ஒருபுறம், விறகு தறிப்போர் ஒருபுறமாக முற்றம் நிறைந்திருக்கும். திருப்பொற்சுண்ணம் பாடச் சுண்ணம் இடிக்கப்படும். ஆயினும், அக்காலத்தைப் பொற்காலமெனப் புகழ நாம் முற்படோம். வெள்ளை கட்டியவரும் பறை முழக்கியவரும் பிறப்பினால் விதிக்கப்பட்டு வந்தவரேயன்றி, விரும்பி வந்தவரல்லர். அவர்தம் மக்கள் கல்வி கற்று அக்கட்டினை அறுத்துக்கொண்டமை முற்றும் நீதியே.

அவ்வாறு வெறுமையான இடத்திற் பெரும் பகுதியை இன்று நிரப்பி நிற்பது மலர்ச்சாலையாகும். கொழும்பிலே, பொறளைக் கனத்தை மயானத்தின் அயலில், றேமண்ட், ஜயரத்ன என்னும் குடும்பப் பெயர்கள் மலர்ச்சாலைப் பெயர்களாக நெடுங்காலம் வழங்கி வருகின்றன. வடபகுதியிலும் சிறு குடும்பங்கள் பல இத்தொழிலை நடத்துகின்றன. பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் இந்நாளில், கொள்ளி வைக்கவேண்டிய மகன் வந்து சேரும்வரை தந்தையின் உடலைக் காத்துவைக்க வேண்டியிருக்கின்றது. அக்காவலை ஏற்பவர் மலர்ச்சாலைக்காரரே.

இத்தொழிலின் அருமையை அறிந்தோர் சிலரே. நள்ளிரவில் அழைப்பு வந்தாலும் எழுந்து செல்லவேண்டும். மரணப் பதிவாளரிடமும் கிராம அலுவலரிடமும், வேண்டுமிடத்துத் திடீர் மரண விசாரணை அதிகாரியிடமும், அழுது சோர்ந்த குடும்பத்தினருக்குத் துணையாக நிற்கவேண்டும். உடலைப் பதப்படுத்துவோர் இரத்தத்தை வெளியேற்றிப் போமலின் கலந்த மருந்துநீரை நாளங்களிற் செலுத்துகின்றனர். அம்மருந்திலுள்ள போமல்டிகைட்டு மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர் குழு 2004 ஆம் ஆண்டிலே முடிவு செய்தது. நல்ல காற்றோட்டமும் கையுறையும் முகக்காப்பும் இன்றி அவ்வறையிலே நாடோறும் நிற்கும் மகன், பிறர் துயர் துடைக்கத் தன் உடல்நலத்தையே பணயம் வைக்கின்றான்.

இங்ஙனம் உழைப்போருக்கு நாம் அளிக்கும் மரியாதை யாது? துயர நாளில் அவர் கையைப் பற்றுகின்றோம். கருமம் முடிந்ததும் வீதியிற் கண்டும் காணாதார் போற் செல்கின்றோம். அவர் வீட்டிலே பெண் எடுக்கவும் கொடுக்கவும் தயங்குவாருளர். துக்கவீட்டுக் கணக்கை மாதக்கணக்காகத் தீர்க்காதிருப்பாருமுளர். அயலவரிடம் வாய்திறந்து கேட்க நாணி அவ்விழப்பைத் தாமே சுமப்பவர் சிறு மலர்ச்சாலைக்காரரேயாவர். பழைய குடிமை முறையை ஒழித்துவிட்டோம் என்று மேடையிற் பேசிக்கொண்டே, அதன் இழிவை மட்டும் புதிய தொழிலின்மேல் ஏற்றிவைத்தல் நமக்கு அழகாகாது.

எனினும், மரியாதையைக் கோரும் தொழில் நம்பிக்கைக்குரியதாயும் இருத்தல் வேண்டும். சந்தையிலே கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுபவர் சவப்பெட்டிக்குப் பேரம் பேசார். தந்தைக்குச் செய்யும் கடைசிச் செலவிற் குறைத்தல் பழியென்று அஞ்சி, கேட்ட தொகையைக் கொடுத்துவிடுவர். இவ்வச்சத்தை விற்பனையாளர் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதை ஜெஸிக்கா மிற்போர்ட் என்னும் எழுத்தாளர் 1963 ஆம் ஆண்டிலே அமெரிக்கரின் ஈமமுறைபற்றி எழுதிய நூலில் எடுத்துக்காட்டினார். அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு வகுத்த விதி 1984 இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் பணிக்கும் உரிய விலையை எழுத்திலே தரவேண்டும் என்றும், சட்டம் வேண்டாதபோது பதப்படுத்தல் சட்டப்படி கட்டாயம் எனக் கூறலாகாது என்றும் அது விதித்தது. பிரித்தானியாவிலும் விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைத்தல் 2021 ஆம் ஆண்டிற் கட்டாயமாயிற்று.

குடும்பப் பெயரே போதிய காப்பன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று என்பதே நம் விடை. குடும்ப மலர்ச்சாலையொன்றிலே வளர்ந்த ஒருவர் 1962 ஆம் ஆண்டில் ஹூஸ்ரன் நகரிலே தொடங்கிய சேர்விஸ் கோப்பரேஷன் இன்ரர்நாஷனல் என்னும் கம்பனி, குடும்ப மலர்ச்சாலைகள் பலவற்றை விலைக்கு வாங்கி, பழைய பெயர்கள் பலவற்றை அவ்வாறே வைத்துக்கொண்டது. பெயர்ப்பலகை மாறாதிருக்க, உரிமையாளர் மாறிவிடுதல் கூடும் என்பதை இதனால் அறிகின்றோம். பெயருக்குப் பெருமை தருவது நடத்தையே.

ஆகவே, மலர்ச்சாலை நடத்தும் அன்பர்களுக்கு நாம் கூறுவன மூன்று. விலை விபரத்தைத் தமிழில் எழுதி யாவரும் காண வாயிலில் வைப்பீராக. அன்றே தகனஞ் செய்யவிருக்கும் உடலுக்குப் பதப்படுத்தலை வற்புறுத்தாதீர். வறியவன் உடலையும் செல்வன் உடலையும் ஒரே பண்புடன் தொடுவீராக. ஊர்தோறுமுள்ள மரணாதாரச் சங்கங்களிற் பணிபுரியும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள்: கட்டணங்களை மலர்ச்சாலைக்காரருடன் அமைதியான நாளிலேயே பேசி முடிவு செய்து, உறுப்பினர்க்கு அறிவித்து வையுங்கள். துயர நாளிலே பேரம் பேசும் அவலம் நீங்கும். உழைத்தவர்க்கு உரிய பணமும் காலந் தாழாது சேரும்.

மாணவ மணிகளே, உங்கள் வகுப்பிலே மலர்ச்சாலை நடத்துபவரின் மகன் இருப்பானாயின், அவன் தந்தையின் தொழிலைச் சொல்லி நகையாடாதீர். கற்றவன் ஒருவன் அத்தொழிலை நாணத்தாற் கைவிடுவானாயின், அது கணக்கொன்றே அறிந்தார் கைக்குப் போய்விடும். கற்றவன் மனமுவந்து ஏற்பானாயின், நம் தாய்தந்தையரின் இறுதிப் பயணம் நம்மையறிந்த ஒருவனின் கையில் இருக்கும். இவ்விரண்டில் எது வேண்டும் என்பதை நாமே தெரிந்துகொள்ள வேண்டும்.