அப்பாவின் கணினியில் மூன்று காவலாளிகள்

வானொலியில் ஐந்து விநாடி மௌனம் விழுந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். சென்ற மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது, அப்பாவின் மடிக்கணினி ஏழு நிமிடம் மௌனமாக இருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு அவர் கோப்பி கலக்கப் போய்விட்டார்.

"அது அப்படித்தான்மா. வயசாகிப் போச்சு, என்னை மாதிரி" என்றார்.

வயது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தோன்றியது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போனால், கணினி கண் விழிக்கும்போதே கூடவே எழுந்துகொள்ளும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கும். அப்பாவின் பட்டியலில் இரண்டு வெவ்வேறு ஆண்டிவைரஸ் நிறுவனங்களின் 'அப்டேட்டர்'கள் இருந்தன. மூன்றாவதாக, படமும் இல்லாமல் நிறுவனத்தின் பெயரும் இல்லாமல், வெறும் 'புரோகிராம்' என்று ஒன்று.

"இதையெல்லாம் யாருப்பா போட்டது?"

"நான் எதையும் தொடலையே!"

எனக்கு நெஞ்சு படபடத்தது. இதே கணினியில்தான் அவர் சேமநிதிக் கணக்கைப் பார்க்கிறார், வங்கிக் கணக்கைத் திறக்கிறார். ஆண்டிவைரஸ் வேஷத்தில் வைரஸே உட்கார்ந்திருக்கிறதோ? எல்லாவற்றையும் தேடி அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு முன், எங்கள் நிலையத்தில் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் அண்ணனுக்குத் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"தங்கச்சி, எதையும் அழிச்சிடாதே. முதல்ல யார், எங்கிருந்து வந்தாங்கன்னு பாரு."

பார்ப்பது எளிதுதான். பெயரின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்த மென்பொருள் குடியிருக்கும் இடம் தெரியும். பிறகு 'புராப்பர்ட்டீஸ்' பகுதியில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கலாம். பெரிய நிறுவனத்தின் பெயரை வைத்துக்கொண்டு, கையொப்பமும் இல்லாமல், தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் இடத்தில் ஒளிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

அப்பாவின் இரண்டு அப்டேட்டர்களும் அசல்தான். ஒன்று, கணினி வாங்கும்போதே 30 நாள் இலவசச் சோதனைக்காக உள்ளே வைத்துக் கொடுத்தது. மற்றொன்று, வேறொரு இலவச மென்பொருளை இறக்கும்போது கூடவே வந்தது. ஏற்கெனவே 'டிக்' போட்டிருந்த கட்டத்தை அப்பா கவனிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்தியிருக்கிறார்.

அந்தப் பெயரில்லாத 'புரோகிராம்'? எப்போதோ நீக்கிய ஒரு மென்பொருள் விட்டுப்போன முகவரி. 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற பெயரில் நடுவே ஓர் இடைவெளி உண்டு. முகவரியை மேற்கோள் குறிக்குள் எழுதாமல் விட்டு, கோப்பும் இல்லாமல் போனால், இடைவெளிக்கு முன்னால் உள்ள சொல் மட்டும் பட்டியலில் தெரியும். ஆள் போய்விட்டார், வாசலில் பாதிப் பெயர்ப் பலகை மட்டும் தொங்குகிறது.

உண்மையான அதிர்ச்சி அதற்குப் பிறகுதான். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து பார்த்தால், காவல் பொறுப்பில் அந்த 30 நாள் ஆண்டிவைரஸின் பெயர்தான் இருந்தது. அதன் காலம் முடிந்து எத்தனையோ மாதங்கள்! புதிய வைரஸ்களைப் பற்றிய தகவல் எதுவும் அதற்கு வரவில்லை. வேறொரு ஆண்டிவைரஸ் பொறுப்பேற்றால் விண்டோஸின் சொந்தக் காவலாளியான 'டிஃபெண்டர்' ஒதுங்கிக்கொள்ளும். இரண்டாவதாக வந்தது சோதித்துப் பார்க்குமே தவிர, எதையும் தடுக்காது. ஆக, பட்டியலில் மூன்று பேர், வாசலில் ஒருவரும் இல்லை.

"எச்சரிக்கை ஏதும் வரலையாப்பா?"

"மூலையில ஒரு பெட்டி தினமும் வந்து காசு கேட்கும். நான் மூடிடுவேன்."

இரண்டையும் 'செட்டிங்ஸ்' வழியாக முறையாக நீக்கினேன். பட்டியலில் வெறுமனே 'டிஸேபிள்' செய்தால் மென்பொருள் உள்ளேயேதான் இருக்கும். 'புரோகிராம்' என்ற அந்தப் பலகைக்கு மட்டும் 'டிஸேபிள்' போதுமானதாக இருந்தது. கணினியை மறுபடி இயக்கியதும் டிஃபெண்டர் பொறுப்பேற்று, பச்சைக் குறி தெரிந்தது. இப்போது இரண்டு நிமிடத்துக்குள் திறந்துவிடுகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் பணம் கட்டி ஓர் ஆண்டிவைரஸ் வைத்திருந்தால், வேகம் வேண்டும் என்று அதன் அப்டேட்டரை நிறுத்திவிடாதீர்கள். அது நின்றால், அப்பாவின் காவலாளிக்கு நேர்ந்த கதிதான்.

இந்த வார இறுதியில் பெற்றோர் வீட்டுக்குப் போனால், சாப்பிட்டு முடித்ததும் ஒரு கால்மணி நேரம் அவர்களின் கணினி முன்னால் உட்காருங்கள். அவர்கள் தினமும் மூடிவிடும் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள்.

நேற்று அப்பா திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். மூலையில் ஏதோ ஒரு புதிய பெட்டி. கீழே ஒரே வரி: "இது யார்மா?"