வீடும் விஞ்ஞானமும்: இரைகின்ற நுரைநீக்கி

எங்கள் வீட்டு விறாந்தையிலே மூன்றடி நீளமான கடல்நீர்த் தொட்டியொன்று இருக்கின்றது. அதனுள்ளே இரண்டு கோமாளி மீன்கள் வாழ்கின்றன. முன்னர் அவற்றுக்குத் துணையாக ஒரு வண்ணத்துப்பூச்சி மீனும் வாழ்ந்தது. அது நோயினால் இறக்கவில்லை, பசியினாலும் இறக்கவில்லை. தொட்டியின் கீழே இயங்கிய கருவியொன்றின் இரைச்சலை அடக்குவதற்கு நான் கையாண்ட அறிவற்ற வழியே அதன் உயிரைக் குடித்தது. பௌதிகவியல் கற்பிக்கும் ஒருவன் இதனை எழுதுதற்கு நாணவேண்டும். எனினும், இத்தகைய தொட்டிகளை வீட்டில் வைத்திருக்கும் அன்பர்களுக்கும், காரண காரியத் தொடர்பை ஆராய விரும்பும் மாணவர்களுக்கும் இது பயன்படக்கூடும் என்று கருதி எழுதுகின்றேன்.

கடைக்காரர் புரொட்டீன் ஸ்கிம்மர் என்று கூறும் அக்கருவியை நாம் நுரைநீக்கி என்போம். கடற்கரையிலே அலை மோதும்போது வெண்ணுரை ஒதுங்குவதை யாவரும் கண்டிருப்பீர்கள். நீரிற் கரைந்துள்ள புரதம் போன்ற சேதனப் பொருள்கள் காற்றுக் குமிழிகளின் மேற்பரப்பிலே ஒட்டிக்கொள்ளும் இயல்புடையன. இக்கருவியும் அதனையே செய்கின்றது. ஒரு பம்பி நீரோடு காற்றைக் கலந்து நுண்ணிய குமிழிகளை உண்டாக்குகின்றது. அக்குமிழிகள் மீன்களின் கழிவையும் உணவு மிச்சத்தையும் பற்றிக்கொண்டு குழாயின் கழுத்திலே நுரையாக ஏறி, மேலேயுள்ள கிண்ணத்தில் வழிகின்றன. கழிவுப்பொருள் அழுகி அமோனியாவாக மாறுமுன்னரே வெளியேற்றப்படுவது ஒரு நன்மை. அத்துடன் நீருக்கு ஒட்சிசனும் கிடைக்கின்றது. இது மற்றொரு நன்மை. இந்த இரண்டாவது நன்மையைத்தான் நான் மறந்துவிட்டேன்.

சோளகக் காற்று வீசும் காலம். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நுரைநீக்கி சில நாட்களாகக் கரகரத்தும் களகளத்தும் ஓயாமல் ஓசை எழுப்பிக்கொண்டிருந்தது. “அப்பா, இந்தச் சத்தத்திலே ஒன்றுமே மனத்தில் நிற்கவில்லை” என்றாள். “இன்றிரவு நிறுத்திவிடுகின்றேன், பிள்ளை, நாளைக்குப் பார்த்துக்கொள்வோம்” என்று கூறிச் சுவிச்சை அணைத்தேன். நுரைநீக்கியும், நீரை மேலே ஏற்றும் பம்பியும் அந்த ஒரே சுவிச்சிலேதான் இணைக்கப்பட்டிருந்தன என்பதை அப்போது நான் நினைக்கவில்லை. வீடு அமைதியடைந்தது. நீரும் அசைவற்றது.

கடல்நீர், அதே வெப்பநிலையிலுள்ள நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஒட்சிசனையே கொள்ளும். வெப்பம் கூடக்கூட அவ்வளவு மேலும் குறையும். வெக்கையான இரவிலே, அசைவற்ற சிறு தொட்டியிலே, மூன்று மீன்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. விடியற்காலையில் இரண்டு மீன்கள் நீரின் மேற்பரப்பிலே வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்றாவது மீன் அடியிலே சாய்ந்து கிடந்தது. “என்னாலேதானே, அப்பா?” என்று மகள் கேட்டாள். “இல்லைப் பிள்ளை, சுவிச்சை அணைத்தது என் கை” என்றேன்.

அன்று மாலைதான், முதலிலே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பம்பிகளை இருவேறு சுவிச்சுகளில் இணைத்து, ஒவ்வொன்றாக இயக்கிக் காதுகொடுத்துக் கேட்டேன். இரைச்சல் என்று நான் பொதுவாகக் கூறிவந்தது ஓர் ஓசையன்று, இரண்டு ஓசைகள். நோய்க்குறி இரண்டாயின் நோயும் இரண்டாக இருக்கலாமன்றோ?

முதலாவது, களகளவென்ற ஓசை. தொட்டியின் கீழுள்ள நீர்ப்பெட்டியிலே நீர்மட்டம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. சோளகம் நீரைக் குடித்துவிட்டது. மட்டம் தாழ்ந்ததும் பம்பி நீரோடு வேண்டாத காற்றையும் சேர்த்து உறிஞ்சியது. இதற்கு மருந்து நீர் வார்ப்பது. ஆனால் வார்க்கவேண்டியது உப்பு நீரன்று, தூய நன்னீர். காரணத்தை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். 100 கிலோகிராம் கடல்நீரில் ஏறக்குறைய 3.5 கிலோகிராம் உப்புண்டு. 10 கிலோகிராம் நீர் ஆவியாயின் உப்பு ஆவியாவதில்லை. எஞ்சிய 90 கிலோகிராமில் அதே 3.5 கிலோகிராம் இருக்கும். அதாவது, கிலோகிராமுக்கு 35 கிராமாக இருந்த உப்பு 39 கிராமளவுக்கு உயர்ந்துவிடும். ஆகவே நன்னீரைச் சிறிது சிறிதாக வார்த்துப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். களகளப்பு நின்றது. அந்த மட்டத்தை இப்போது பெட்டியின் பக்கத்திலே கோடிட்டு வைத்திருக்கின்றேன்.

இரண்டாவது, கரகரவென்ற ஓசை. மின்னிணைப்பை முற்றாகக் கழற்றிய பின்னர் பம்பியைத் திறந்தேன். உள்ளே காந்தத்தோடு கூடிய சிறு சுழலியிலே வெண்மையான சுண்ணப்படை படிந்திருந்தது. அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. வினாகிரியும் வெந்நீரும் சம அளவிற் கலந்து இரண்டு மணிநேரம் ஊறவைத்தேன். வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலம் சுண்ணத்தைக் கரைக்கும்போது காபனீரொட்சைட்டுக் குமிழிகள் எழுவதை மகளும் அருகிருந்து பார்த்தாள். பின்னர் பழைய பற்தூரிகையால் மெதுவாகத் தேய்த்து, நன்னீரிலே பலமுறை அலசிப் பூட்டினேன். சுழலியைத் தாங்கும் பீங்கான் அச்சு எளிதில் முறியக்கூடியது, பலாத்காரம் கூடாது. சவர்க்காரத்தை மட்டும் ஒருபோதும் பயன்படுத்தற்க. அதன் சிறு மிச்சமும் நுரையைக் கட்டுக்கடங்காமற் பெருக்குவதோடு மீன்களுக்கும் தீங்கு செய்யும்.

எங்கள் வீட்டில் இல்லாத வேறு இரு காரணங்கள் உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். சீறுவது போன்ற ஓசை கேட்பின் காற்றுக்குழாயைப் பாருங்கள். குழாயொன்று ஒடுங்குமிடத்திலே நீர் விரைந்தோட, அங்கே அமுக்கம் குறைகின்றது. அவ்விடத்தில் ஒரு துளையிருப்பின் வெளிக்காற்று தானே உள்ளே புகும். இவ்விளைவு இத்தாலியரான வெந்தூரி 1797ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வினால் அவர் பெயரையே பெற்றது. காற்றை உறிஞ்சும் குழாயின் நுனியிலே ஓசையடக்கி கழன்றிருப்பின் சீறல் மிகும். அதனை மீண்டும் பொருத்துக. ஓசைக்கு அஞ்சிக் குழாயை நசுக்கி அடைத்தால் நுரையே உண்டாகாது. குழாயினுள்ளே உப்புப் படிந்தாலும் ஓசை மாறும், நுரை குறையும். குழாயைக் கழற்றி இளஞ்சூடான நன்னீரை அதனுள் செலுத்தினால் உப்புக் கரைந்துவிடும்.

அலுமாரி முழுவதும் ரீங்காரம் செய்வது போன்றிருந்தால், உள்ளங்கையை அலுமாரியின் பலகையிலே அழுத்திப் பாருங்கள். ஓசை மாறினால், குற்றம் பம்பியினுடையதன்று. அதன் அதிர்வைப் பலகை பெருக்கிக் காட்டுகின்றது. வீணையின் குடம் தந்தியின் நாதத்தைப் பெருக்குவதும் இவ்வாறுதான். நுரைநீக்கியின் அடியிலே மெல்லிய சிலிக்கோன் விரிப்பொன்றை வைத்து, அது கண்ணாடிச் சுவரைத் தொடாதவாறு சற்று நகர்த்தினால் அவ்வோசை பெரிதும் அடங்கும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நமது வீடுகளிலே ஓடுவது 230 வோல்ற்று மின்சாரம். உப்புநீரோ மின்சாரத்தை நன்கு கடத்துவது. நீரிலே கைவைக்குமுன் எல்லா இணைப்புகளையும் கழற்றுங்கள். மின்கம்பியை, அது செருகப்படும் இடத்தைவிடத் தாழ்வாகத் தொங்கவிட்டு மேலேற்றுங்கள். கம்பி வழியே ஒழுகும் நீர் கீழேயே சொட்டிவிடும். மின்வெட்டுக்குப் பின்னர் மின்சாரம் வந்ததும் பம்பி உண்மையிலே சுழல்கின்றதா என்று பார்ப்பதும் நல்லது. சுண்ணம் படிந்த சுழலி முனகிக்கொண்டே அசையாமல் நின்றுவிடுவதுண்டு.

கழுவிப் பூட்டிய பின்னர் ஓரிரு நாட்கள் நுரை சரியாக எழவில்லை. பழுதுபார்த்ததிலே பிழை செய்துவிட்டேனோ என்று ஐயுற்றேன். பொறுத்திருந்தபோது அது தானே சீரடைந்தது. இப்பொழுது விறாந்தையிலே மெல்லிய நீரோசை மட்டுமே கேட்கின்றது. மகள் அதனருகிலேயே கதிரையைப் போட்டுப் படிக்கின்றாள். இடையிடையே தலையை நிமிர்த்திக் காதுகொடுத்துக் கேட்கின்றாள். ஓசையிலே சிறிது வேறுபாடு தோன்றினாலும், “அப்பா, தண்ணீர் குறைந்துவிட்டது போலிருக்கின்றது” என்று கூறிவிட்டுப் போத்திலை எடுத்துவர எழுந்துவிடுகின்றாள்.