காட்டாத பேய்

மே மாத லீவுக்கு மகளும் பேரனும் ஆய்க்குடிக்கு வந்திருந்தார்கள். பேரனுக்கு 16 வயது. காலையில் அனுமன் நதிப் பக்கம் ஒரு நடை, பாலசுப்பிரமணிய சுவாமி கோவில், சாயங்காலம் குற்றாலம் என்று நான் போட்டு வைத்திருந்த திட்டமெல்லாம் முதல் இரண்டு நாளோடு சரி. மூன்றாம் நாள் லேப்டாப்பைத் திறந்துகொண்டு மச்சில் உட்கார்ந்துவிட்டான்.

என்னதான் விளையாடுகிறான் என்று எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு ஆள் கோடரியால் இன்னொரு ஆளின் மண்டையைப் பிளக்கிறான். சுவரெல்லாம் ரத்தம். என் பேரன் ஒரு கையால் அந்தக் கோடரியை ஆட்டிக்கொண்டே மறு கையால் அவன் ஆச்சி சுட்ட முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பயமா இல்லையாலே?" என்றேன்.

"இதுல என்ன தாத்தா பயம்? வெறும் ரத்தம்தானே."

அந்த "வெறும்" எனக்கு உறுத்தியது. ஆனால் லீவுக்கு வந்த பிள்ளையிடம் என்ன பிரசங்கம் என்று இறங்கி வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, ராத்திரி 11 மணி இருக்கும். என் கட்டில் பக்கம் வந்து நிற்கிறான். "தாத்தா, பாத்ரூம் வரைக்கும் வாங்களேன்." எங்கள் வீட்டில் அது பின்கட்டைத் தாண்டி கிணற்றடியில் இருக்கிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு துணைக்குப் போனேன். அன்றைக்கு வேறொரு விளையாட்டு ஆடியிருக்கிறான். அதில் அப்படி என்னதான் வந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணும் வரல தாத்தா. அதான்."

மண்டை பிளந்தபோது முறுக்கு தின்ற பிள்ளை, ஒன்றும் வராததற்குப் பயந்து தாத்தாவை எழுப்புகிறான். மறுநாள் நானே மச்சேறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அதைப் போடு, பார்ப்போம்" என்றேன்.

அதன் பெயர் சைலண்ட் ஹில். ஜப்பான்காரர்களின் கொனாமி கம்பெனி 1999-ல் வெளியிட்ட பழைய விளையாட்டு. காணாமல் போன மகளைத் தேடி ஒரு தகப்பன் ஆளரவமற்ற ஊருக்குள் நடக்கிறான். ஊர் முழுக்க மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்தப் பனிக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று பேரன் சொன்னான். அந்தக் காலத்து பிளேஸ்டேஷன் கருவிக்குத் தெருவைக் கோடி வரை வரைந்து காட்டும் சக்தி கிடையாது. அந்தக் குறையை மறைக்கத்தான் பனியைப் போட்டிருக்கிறார்கள். குறைக்குப் போட்ட திரையே கடைசியில் அந்த விளையாட்டின் உயிராகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தகப்பன் பையில் ஒரு சின்ன ரேடியோ. ஏதாவது கிட்டே வந்தால் அது கரகரவென்று இரையும். வருவது எது, எந்தப் பக்கம் என்று தெரியாது. இரைச்சல் மட்டும் கூடிக்கொண்டே போகும். ராத்திரி நேரத்தில் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருகித் திருகி அந்த இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதைக் கேட்டு எனக்கே முதுகு சில்லிட்டது.

இந்த வித்தை நமக்குப் புதிதில்லை. எங்கள் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து நீலி கதை சொல்வாள். அதே கதையை இசக்கியம்மன் கொடையில் வில்லுப்பாட்டாகவும் கேட்டிருக்கிறோம். செட்டியாரைப் பழிவாங்க வந்த நீலி, கள்ளிக் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் புருஷன் என்னை விட்டுட்டு ஓடுறாரு" என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். நாம் இன்றைக்கும் சொல்லும் நீலிக்கண்ணீர் அதுதான். சபையார் பிள்ளையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். ஆச்சி அந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "பிள்ளை நேரே போயி அவன் மடியில உக்காந்துச்சு. அது பிள்ளை இல்ல, கள்ளின்னு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்." அப்புறம் அவனையும் அவளையும் ஒரே வீட்டில் வைத்து ஊரார் கதவைச் சாத்துகிறார்கள். ராத்திரி உள்ளே என்ன நடந்தது என்று ஆச்சி சொன்னதே இல்லை. "விடிஞ்சு கதவைத் தொறந்தாங்க" என்பாள். அவ்வளவுதான். வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவாள். மீதிக் கதையை இருட்டில் படுத்துக்கொண்டு நாங்கள்தான் முடிக்க வேண்டும். ஆளுக்கொரு முடிவு. ஒவ்வொன்றும் ஆச்சி சொல்லியிருக்கக்கூடியதைவிடப் பயங்கரம்.

சினிமாவிலும் இதே கதைதான். 1975-ல் வந்த ஜாஸ் படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிக்கொண்டே இருந்ததாம். வேறு வழியில்லாமல் டைரக்டர் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலே பெரும்பகுதிப் படத்தை ஓட்டினார். உலகமே கடலில் கால் வைக்கப் பயந்தது. நம் ஊரில் 2009-ல் மாதவன் நடித்து வந்த யாவரும் நலம் படத்தை நினைத்துப் பாருங்கள். புது வீட்டில் பால் கெடுகிறது. லிஃப்ட் எல்லோருக்கும் ஓடுகிறது, அவருக்கு மட்டும் நகர மறுக்கிறது. இவ்வளவுதான். பல்லும் நகமும் வைத்த பேய் எத்தனையோ வந்து போய்விட்டது. அந்தப் படம் பார்த்த வாரம் லிஃப்ட் ஏற யோசித்தவர்களை எனக்குத் தெரியும்.

"அந்தக் காலம் மாதிரி வருமா" என்று புலம்புவதற்காக இதை எழுதவில்லை. அந்தக் காலத்திலும் ரத்தம் விற்றது. சந்தையில் கொலைச்சிந்து புத்தகம் விற்கும், நாங்களும் வாங்கிப் படித்தோம். பேரனும் நியாயமாகத்தான் பேசினான். "தாத்தா, அந்தக் கோடரி விளையாட்டு பயத்துக்கு இல்ல. அது ராட்டினம் மாதிரி. ஏறினோமா, கத்தினோமா, இறங்கினோமான்னு போயிரணும்." அதை ஒப்புக்கொள்கிறேன். ராட்டினத்தில் ஏறாத ஆள் யார்? (அந்த விளையாட்டுப் பெட்டியில் 17 வயதுக்கு மேல் என்று போட்டிருப்பதைப் பற்றி அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் தனியாக ஒரு வழக்கு நடக்கிறது. அதில் நான் தலையிடவில்லை.)

அப்பட்டமாகக் காட்டுவதே தப்பு என்றும் நான் சொல்லமாட்டேன். சுடலைமாடன் கொடையில் ஆடு வெட்டுவது எல்லோர் கண்முன்னாலும்தான். ஆனால் அது எப்போது நடக்கிறது? அந்தியிலிருந்து வில்லு அடித்து, கதை சொல்லி, சாமியாடி, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நடுச்சாமத்தில். ஆறு மணி நேரம் காத்திருந்ததால் அந்த ஒரு வெட்டுக்குக் கனம் இருக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு ஆடு வெட்டினால் அது கசாப்புக்கடை.

இதில் எனக்குச் சொந்தமாக ஒரு சாட்சி உண்டு. 32 வருடம் கரண்டு வேலை பார்த்தவன் நான். உயிருள்ள கம்பியும் உயிரில்லாத கம்பியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். டிரான்ஸ்பார்மரில் மண்டையோடும் எலும்பும் போட்டு "அபாயம்" என்று போர்டு மாட்டியிருக்கிறதே, அதை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? மாட்டிய முதல் வாரம் பார்ப்பார்கள். அப்புறம் அதன் கம்பியில் மாட்டைக் கட்டுவார்கள். பயிற்சி வகுப்பில் எங்களுக்குக் கருகிய உடல்களின் போட்டோக்களைக் காட்டினார்கள். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். அந்த வாரம் முடிவதற்குள் கையுறை இல்லாமல் கம்பம் ஏறிக்கொண்டிருந்தோம்.

எண்பதுகளில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் லைனில் அடிபட்டு இறந்துபோனார். நான் வேறு ஊரில் இருந்தேன், அவரைப் பார்க்கவில்லை. சாயங்காலம் வந்து சேர்ந்தபோது அவருடைய சைக்கிள் வேப்பமரத்தடியில் நின்றது. ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி தொங்கிக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு, திறக்கவே இல்லை. அதை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டில் கொடுக்க வேண்டியவன் நான். வழியில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே குழம்பு அலம்பியது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள் வரைக்கும், லைன் கிளியர் கையில் இருந்தாலும், நானே சோதித்துப் பார்த்து எர்த் ராடு மாட்டாமல் ஒரு கம்பியையும் தொட்டதில்லை. போட்டோ செய்யாததைத் தூக்குச்சட்டி செய்தது.

பயத்துக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான். குற்றாலத்துக்காரர்கள் அருவியில் குளிக்கும்போது தண்ணீரின் நிறத்தையும் சத்தத்தையும் கவனித்துக்கொண்டேதான் குளிப்பார்கள். கலங்கலாக வந்தால், இலையும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தால், மேலே மழை என்று அர்த்தம். துண்டை விட்டுவிட்டு ஓட வேண்டும். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையனைக் கொண்டுபோனதை நாம் மறந்திருக்க மாட்டோம். இங்கெல்லாம் ஆபத்து பல்லைக் காட்டிக்கொண்டு வருவதில்லை. சின்ன மாற்றமாகத்தான் வரும். அந்தச் சின்ன மாற்றத்தைக் கவனிக்கப் பழக்குவது நல்ல பேய்க்கதை. எல்லாவற்றையும் விளக்குப் போட்டுக் காட்டிவிடும் கதையோ, பெரிதாக ஏதாவது வந்தால் மட்டும் தலை நிமிர்ந்தால் போதும் என்று பழக்கிவிடுகிறது. "வெறும் ரத்தம்தானே" என்ற சொல் அந்தப் பழக்கத்திலிருந்துதான் வருகிறது.

அதனால் பேரன் பேத்திகள் பேய் விளையாட்டு ஆடினால் உடனே பிடுங்கி வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த இடத்தில் பயந்தாய்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். என் பேரனிடம் கேட்டபோது அவன் கோடரியைச் சொல்லவில்லை, ரேடியோவைத்தான் சொன்னான். பதிலுக்கு நான் நீலி கதையைச் சொன்னேன். கதவைத் திறந்த இடத்தில், ஆச்சி மாதிரியே, நிறுத்திவிட்டேன்.

"அப்புறம் தாத்தா?" என்றான்.

"லைட்டை அணைச்சிட்டுப் படு" என்றேன்.