காளைக்குள் ஒரு வாசல்

ஆவூர் வாடிவாசலில் சீறி வந்த காளையின் தொடைத் தசை முறுக்கேறித் துடித்ததைப் பார்த்தபோது, அந்தச் சதைக்குள் நடப்பதை நினைத்து வியந்தேன். தசைச் செல்லின் உள்வலைப் பைகள் கால்சியத்தைத் திறந்துவிட்டதும் தசை சுருங்குகிறது. ஒட்டினாற்போல் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா அந்தக் கால்சியத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு ஆற்றல் உற்பத்தியைக் கூட்டுகிறது. அளவு மீறிப் புகுந்தாலோ செல்லே செத்துவிடும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கால்சியம் புகும் நுழைவாசலுக்குத் துணைநிற்கும் எம்சியுஆர்1 என்ற புரதத்தை 2012-இல் அடையாளம் காட்டிய ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர், வேலூர் சிஎம்சியில் ஆய்வுசெய்துவிட்டு அமெரிக்கா போன முனிசாமி மாதேஷ். நம் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டிய பெயர் இது. கால்சியம் என்றால் எலும்பு, பல் என்று அவர்களிடம் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.