யூரியா மலிவு, இடைவெளி காஸ்ட்லி: ஓசூர் கீரைக் கட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு

ஓசூர் உழவர் சந்தையில் கீரையோ கொத்தமல்லியோ வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். கரும்பச்சையாக, தளதளவென்று இருந்தால் கை தானாக அந்தக் கட்டுக்குப் போகும். அந்தப் பச்சையைக் கொடுப்பது நைட்ரஜன். அதற்கு விவசாயி கையில் இருக்கும் சுலபமான வழி யூரியா. மானியம் போக 45 கிலோ மூட்டை ₹266.50 தான். இந்த விலைக்குக் கிடைத்தால், 'இன்னும் ரெண்டு கை சேர்த்துப் போடுவோமே' என்று தோன்றாதா என்ன?

ஆனால் விளைச்சல் உரத்தால் மட்டும் வருவதில்லை. செடிக்கும் செடிக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதும் முக்கியம்.

முட்டைக்கோஸை எடுத்துக்கொள்வோம். சமவெளிக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை 45க்கு 30 செ.மீ. இடைவெளி. ஏக்கருக்குச் சுமார் 30,000 செடிகள். அதையே 30க்கு 30 என்று நெருக்கினால் 45,000 செடிகள். மொத்த எடை கூடலாம், ஆனால் ஒவ்வொரு கோஸும் சிறுத்துவிடும். ஒரு கட்டத்துக்கு மேல் மொத்த எடையும் கூடாது. வெயிலும் காற்றும் உள்ளே போகாமல் அழுகல் நோய்தான் வரும்.

கீரையில் கதை இன்னும் சிக்கல். தூவி விதைத்தால் அடர்த்தியாக முளைக்கும். பிறகு செடி கலைத்துவிட வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். சிப்காட் ஆலைகளும் தோட்டங்களும் ஒரே ஆட்களுக்குப் போட்டி போடும் ஊர் இது. செடி கலைக்கும் கூலியோடு ஒப்பிட்டால் யூரியா மலிவு. அதனால் நெருக்கத்தால் வந்த வளர்ச்சிக் குறையை உரத்தால் சரிக்கட்டும் பழக்கம் வந்துவிடுகிறது.

இது ஏன் சரிவராது?

வேர் உறிஞ்சும் நைட்ரேட்டைப் புரதமாக மாற்ற இலைக்கு வெளிச்சம் தேவை. நெருக்கமான பாத்தியில் கீழ் இலைகள் நிழலில் கிடக்கும். அங்கே கூடுதல் யூரியா போட்டால், மாறாத நைட்ரேட் இலையிலேயே தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் பசலைக்கீரையில் கிலோவுக்கு 3,500 மி.கி. நைட்ரேட் வரைதான் அனுமதிக்கிறது. அதற்காகக் கீரையே வேண்டாம் என்று பயப்பட வேண்டியதில்லை. காய்கறியின் நன்மையே அதிகம் என்பதுதான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-ல் சொன்ன முடிவும். வேக வைத்த தண்ணீரை வடித்தால் நைட்ரேட் ஓரளவு குறையும், கூடவே சில சத்துகளும் போகும்!

பெரிய கவலை தண்ணீர்தான். செடி எடுக்காத நைட்ரேட் பாசன நீரோடு கீழே இறங்கும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளில் சுமார் 37 சதவீதத்தில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி. என்ற குடிநீர் வரம்பைத் தாண்டியிருக்கிறது. கர்நாடகாவில் சுமார் 48 சதவீதம்.

இதில் ஓசூருக்கு ஒரு தனிச் சிக்கல். பெங்களூருவின் கழிவுநீர் கலந்து வரும் தென்பெண்ணை ஆறுதான் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. நுரை பொங்கும் வீடியோக்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கழிவுநீரில் நைட்ரஜன் ஏற்கெனவே உண்டு. ஒரு சின்னக் கணக்கு: லிட்டருக்கு 45 மி.கி. நைட்ரேட் உள்ள தண்ணீரை ஒரு பருவத்தில் 20 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால், ஏக்கருக்குச் சுமார் 8 கிலோ நைட்ரஜன் தானாகவே வந்து சேரும். யூரியாவாகச் சொன்னால் 17 கிலோவுக்கு மேல். அதைக் கழிக்காமல் வழக்கமான அளவைக் கொட்டினால் அத்தனையும் வீண்.

2015-ல் வந்த மண்வள அட்டை 12 அம்சங்களைப் பார்க்கிறது. எல்லாமே மண்ணைப் பற்றியவை, பாசனத் தண்ணீர் அதில் இல்லை. கெலவரப்பள்ளிப் பாசனப் பகுதியிலாவது அணை நீரையும் கிணற்று நீரையும் சோதித்து, நைட்ரேட் அளவை விவசாயியிடம் எண்ணாகக் கொடுக்க வேளாண் துறையால் முடியும். அந்த எண் கையில் இருந்தால், அடுத்த மூட்டையைப் பிரிப்பதா வேண்டாமா என்று அவரே பார்த்துக்கொள்வார்.