முதலில் யாரைச் சோதிப்பது?

கலியாணமாகி இரண்டு வருசத்தில் பிள்ளை இல்லையென்றால் எங்கட ஊர்களில் கேள்வி யாரிடம் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். "இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்று மனுசியைத்தான் கேட்பார்கள். விரதம் அவளுக்கு, ஸ்கான் அவளுக்கு, மாமியாரின் முகச்சுளிப்பும் அவளுக்கு. மனுசன் வழமைபோலத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போவார். அந்த மருந்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நாங்கள் கதைக்க விரும்புவது அதைத்தான்.

1977இல் கலிபோர்னியாவின் லாத்ரொப் என்ற ஊரில், ஒக்சிடென்டல் கம்பனியின் பூச்சிகொல்லித் தொழிற்சாலையில் வேலைசெய்த ஆண்கள் தங்களுக்குள் கதைத்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது: கனபேருக்குப் பிள்ளை பிறக்கவில்லை. விந்துச் சோதனை செய்து பார்த்தார்கள். சிலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு ஒன்றுகூட இல்லை. காரணம் டிபிசிபி என்ற இரசாயனம். பயிர்களின் வேரைத் தின்னும் நுண்புழுக்களைக் கொல்ல மண்ணுக்குள் செலுத்துகிற மருந்து அது.

எங்களுக்கு வயிறு எரிவது அடுத்த தகவலைப் படிக்கும்போதுதான். அதைத் தயாரித்த டவ், ஷெல் கம்பனிகளுக்காக நடந்த ஆய்வில் எலிகளின் விதைகள் சுருங்கிப்போனது 1961இலேயே அச்சில் வந்துவிட்டது. பதினாறு வருசம் அந்தத் தாள் கிடந்தது, தொழிலாளர்கள் வேலைக்குப் போய்வந்தார்கள். 1979இல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பாவனையை நிறுத்தியது. ஆனால் 1977இல் விஷயம் வெளியானபிறகும் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அதைப் பாவித்தார்கள். கொஸ்டாரிக்காவிலும் நிக்கராகுவாவிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பிறகு நீதிமன்றங்களுக்கு அலைந்தார்கள்.

ஏன் ஆணின் உடம்பில் அந்த இடம் இவ்வளவு லேசாக அகப்படுகிறது? ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 70 நாள் எடுக்கும். அங்கே கலங்கள் ஓய்வில்லாமல் பிரிந்துகொண்டேயிருக்கும். பிரிகிற கலத்தை நஞ்சு சுலபமாகக் கெடுக்கும். ஈயமும் காட்மியமும் அப்படிக் கெடுக்கிறவைதான், சிகரட் புகையில் இரண்டும் உண்டு. வளர்கிற அணு மட்டும் பாதிக்கப்பட்டால், நஞ்சிலிருந்து விலகிச் சில மாதத்தில் தேறலாம். அணுவை உண்டாக்கும் மூலக்கலமே செத்தால் தேறாது. டிபிசிபி பட்டவர்களில் தேறியவர்களும் உண்டு, தேறாதவர்களும் உண்டு.

இங்கே வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்து டிபிசிபி இல்லை. எல்லா மருந்தும் அப்படியே செய்யும் என்று பயமுறுத்தவும் நாங்கள் வரவில்லை. ஆனால் இந்த நாட்டில் நஞ்சைப் பற்றிய பேச்சே குடித்துச் சாவதோடு நின்றுவிட்டது. 2008க்கும் 2011க்கும் இடையில் பராகுவட், டைமெத்தோயேற், பென்தியன் மூன்றையும் நிறுத்தியது தற்கொலைகளைக் குறைக்கத்தான். நல்ல வேலை, உயிர்கள் தப்பின. தோலால் ஊறுவதை யார் பார்த்தது? வெறும் மேலோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒழுகுகிற தாங்கியை முதுகில் சுமக்கிற அண்ணாமாரை நாங்கள் தினமும் காண்கிறோம். நனைந்த சாரம் பின்னேரம்வரை உடம்பில்தான் கிடக்கும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பத்திரிகைகளில் வருகிற 'ஆண்மைக்குறைவு' விளம்பரங்கள் எங்கட ஆக்களின் மூளையைக் கெடுத்து வைத்திருக்கின்றன. படுக்கையில் ஒரு குறையும் இல்லாதவருக்கும் விந்தணு பூச்சியமாக இருக்கலாம். "எனக்கென்ன குறை?" என்று மார்தட்டுவதில் ஒரு பதிலும் இல்லை. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரில் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. அவருக்கான முதல் சோதனையோ ஒரு சின்னப் போத்தலோடு முடிகிற வேலை. அதை மனுசிக்கு ஊசியும் ஸ்கானும் எல்லாம் முடிந்தபிறகு, கடைசியில், வெட்கப்பட்டுக்கொண்டு செய்வது அநியாயம்.

முதல் நாளே இரண்டுபேருமாகப் போங்கோ. வைத்தியர் கேட்காவிட்டாலும் என்ன வேலை என்று சொல்லுங்கோ: தோட்டமா, பெயின்ற் அடிப்பதா, பழைய பற்றறி உடைப்பதா. மருந்தடிக்கிறவர் என்றால் போத்தலின் லேபலைப் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கோ.