ஆறிய காயமும் ஆறாத வலியும்

எனது நண்பர் ஒருவர் அச்சுக்கோப்பாளராகப் பணியாற்றியவர். 1990களில் ஷெல் சிதறல் ஒன்று அவரது தொடையைக் கிழித்துச் சென்றது. காயம் சில மாதங்களில் ஆறியது, வலி ஆறவில்லை. சாரத்தின் விளிம்பு பட்டாலே நெருப்புப் பட்டதுபோலத் துடிப்பார். மனப்பிரமை என்றனர் வீட்டார். நடிப்பு என்றவர்களும் உண்டு. நானும் அவரைச் சந்தேகித்தவன்தான்.

அந்தச் சந்தேகம் எத்துணை தவறானது என்பதை நரம்பு வலி பற்றிய ஆய்வுகளைப் படித்த பின்னரே உணர்ந்தேன்.

முண்ணாணில் நரம்புக்கலங்களைச் சூழ்ந்து கிளியா கலங்கள் உள்ளன. கிளியா என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் பசை. 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ஷோ இவற்றை நரம்புகளை ஒட்டிவைக்கும் பொருளாகவே கருதினார். நெடுங்காலம் இவற்றை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

2003இல் யப்பானிய, கனேடிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. நரம்பு காயமுற்றதும் முண்ணாணிலுள்ள மைக்ரோகிளியா என்னும் சிறு கலங்கள் கிளர்ந்தெழுகின்றன. அவற்றிலுள்ள ஏற்பி ஒன்றைத் தடுத்தபோது எலிகளின் வலி தணிந்தது. இக்கலங்கள் சுரக்கும் புரதம் ஒன்று, வலிச் சமிக்ஞையை அடக்கவேண்டிய பொறிமுறையையே குலைத்துவிடுகிறது என்று 2005இல் கண்டறியப்பட்டது. அதனால் மெல்லிய தொடுகையும் வலியாகவே மூளையை அடைகிறது. தோல் ஆறிய பின்னரும் முண்ணாணில் அபாய மணி ஒலித்துக்கொண்டேயிருக்கிறது எனலாம்.

இதனால் மருந்து கிடைத்துவிட்டது என்று கருதிவிடலாகாது. கிளியா கலங்களை அடக்குவதற்கென மனிதரில் பரிசோதிக்கப்பட்ட புரொப்பென்டோஃபிலின் பலன் தரவில்லை. பெண் சுண்டெலிகளில் இவ்வலியை மைக்ரோகிளியா அன்றி வேறு நோயெதிர்ப்புக் கலங்களே தூண்டுகின்றன என 2015இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆண் விலங்குகளை மட்டும் வைத்து முடிவுகட்டும் வழக்கத்துக்கு அது ஓர் எச்சரிக்கை. இன்று வழங்கப்படும் அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற மருந்துகளும் எல்லோருக்கும் உதவுவதில்லை.

ஆயினும் ஒன்று தெளிவு. காயம் ஆறியது என்பது வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது. வலியிருப்பதாக ஒருவர் கூறினால் அதனை மதிக்கவேண்டும் என்று வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் வலியுறுத்தியது. போர் 2009இல் முடிந்தது. சிதறல்களைச் சுமந்தும் கால்களை இழந்தும் வாழ்வோர் நம்மிடையே பலர். மருந்து வரும்வரை அவர்களை நம்புவதற்கு நமக்கு எந்தத் தடையும் இல்லை.

இவற்றை நண்பருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “உதை எங்கட வீட்டுக்காரருக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ.”